மார்மைட்: ரத்தச் சோகைக்கு வாங்கலாமா? லூசி வில்ஸின் ஆராய்ச்சியை வைத்து ஒரு மதிப்புரை

கருப்பென்றே சொல்லத்தக்க பழுப்பு நிறம், தேனைவிடக் கெட்டியான பசை, நாக்கில் பட்டதும் உப்பும் கசப்பும் சேர்ந்து அடிக்கும் சுவை, மஞ்சள் மூடி போட்ட குண்டு பாட்டில். இதுதான் மார்மைட். பிரிட்டனில் வெண்ணெய் தடவிய ரொட்டியின் மேல் இழுக்கிறார்கள். இலங்கையில் வெந்நீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்து குடிக்கிறார்கள். நம்மூர்ப் பெரிய கடைகளில் இறக்குமதிச் சாமான்கள் இருக்கும் தட்டில் கிடைக்கும். வாங்குகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: இது சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா, கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா?

ஊறும். ஆனால் ஒரே ஒரு வகைச் சோகையில்தான். அதை உலகுக்குக் காட்டியவர் லூசி வில்ஸ் என்ற ரத்தவியல் மருத்துவர். அவர் காட்டியதைச் சரியாகப் புரிந்துகொண்டால், இன்று இந்தப் பாட்டிலை மருந்தாக வாங்க வேண்டியதில்லை என்பதும், சாப்பாட்டுப் பொருளாக எவ்வளவு வாங்கலாம் என்பதும் தெளிவாகிவிடும்.

லூசி வில்ஸ் 1888 மே 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911-இல் தேர்வு எழுதினார். பெண்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் அன்று பட்டம் கொடுப்பதில்லை. 1948-இல்தான் கொடுக்க ஆரம்பித்தது. முதல் உலகப் போர் வெடித்தபோது தென்னாப்பிரிக்காவில் இருந்தார், கேப்டவுனில் சில காலம் செவிலியர் வேலை பார்த்தார். திரும்பி வந்து, பெண்களுக்கென்றே நடந்த லண்டன் மருத்துவப் பள்ளியில் 1915-இல் சேர்ந்து, 1920-இல் மருத்துவரானபோது வயது 32. தனியாக வைத்தியம் பார்க்கப் போகாமல் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் கர்ப்பகால நோயியல் ஆய்வில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தேர்வுதான் அவரை 1928-இல் பம்பாய்க்குக் கொண்டுவந்தது.

பம்பாயில் நூற்பாலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் பிரசவ காலத்தில் கடும் சோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். தாய் இறப்பு பற்றிய விசாரணையின் பகுதியாக, இந்திய மருத்துவத் துறையில் இருந்த மார்கரெட் பால்ஃபர் கேட்டுக்கொண்டதால், ஹாஃப்கின் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் வில்ஸ் வேலையைத் தொடங்கினார். லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை பண உதவி செய்தது. 1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்து, அங்கே உணவு ஆராய்ச்சியை நடத்திவந்த ராபர்ட் மெக்கரிசனோடு வேலை செய்தார். 1931 தொடக்கத்தில் சென்னையில் நம் கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார், அதாவது இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூர்பா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை. அதைத் தொடங்கிய மேரி ஷார்லீப், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னால் லண்டன் ராயல் ஃப்ரீயிலும் பணியாற்றியவர். மார்மைட்டின் கதையை எழுதுகிறவர்கள் பம்பாயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குன்னூரையும் திருவல்லிக்கேணியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தப் பெண்களின் ரத்தத்தில் என்ன தெரிந்தது? சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்திருந்தன. அந்தக் காலத்தில் இப்படிப் பெருத்த அணு என்றால் பெர்னிஷியஸ் அனீமியா என்ற கொடிய சோகை என்றுதான் சொல்வார்கள். அதற்கு 1926-இல் அமெரிக்க மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும் ஈரலைத் தின்னக் கொடுத்துக் குணப்படுத்தியிருந்தார்கள். ஆனால் அந்த நோயில் வயிற்றில் அமிலம் சுரக்காது, நரம்பும் கெடும். பம்பாய்ப் பெண்களிடம் இந்த இரண்டும் பொதுவாக இல்லை. வில்ஸ் நோயைவிட்டு உணவைப் பார்த்தார். அவர்கள் சாப்பிட்டதையொத்த தீனியை எலிகளுக்குப் போட்டார். எலிகளுக்குச் சோகை வந்தது, ஈஸ்ட் சேர்த்தால் வரவில்லை. அங்கேயே முடிவு கட்டியிருந்தால் தப்பாகப் போயிருக்கும். எலிகளின் மேல் இருந்த பேன் மூலம் பார்ட்டனெல்லா என்ற கிருமி தொற்றி, அதுவும் சோகையை உண்டாக்கிக்கொண்டிருந்தது. எனவே குரங்குகளுக்கு மாறினார். குறைந்த உணவில் சோகை கண்ட குரங்குக்கு, விலை மலிந்த ஈஸ்ட் சாரமான மார்மைட்டைக் கொடுத்தார், தேறியது. பிறகு கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது.

இந்த ஆராய்ச்சியின் உயிர்நாடி இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. பெர்னிஷியஸ் அனீமியாவுக்கு வேலை செய்த, நன்றாகச் சுத்திகரித்த ஈரல் சாரம் இந்த நோயாளிகளுக்கு வேலை செய்யவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சாரம் வேலை செய்தது. மார்மைட்டும் வேலை செய்தது. அப்படியானால் சுத்திகரிக்கும்போது வெளியே போகும் ஏதோ ஒன்றுதான் மருந்து, அது ஈஸ்டிலும் இருக்கிறது. அதைத்தான் பின்னாளில் ‘வில்ஸ் காரணி’ என்று அழைத்தார்கள். 1941-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூவரும் நாலு டன் பசலைக் கீரையிலிருந்து பிரித்து ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தது இதே குடும்பத்துச் சத்துக்குத்தான். 1945-இல் லெடர்லே ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகட சுப்பாராவ், அவரும் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். சுத்திகரித்த சாரத்தில் மிஞ்சியிருந்தது பி12. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு நோய்களை, அவற்றுக்குப் பெயர் வைக்கும் முன்பே வில்ஸ் பிரித்துக் காட்டிவிட்டார்.

இனி பாட்டிலுக்கு வருவோம். 1902-இல் பர்ட்டன் அபான் ட்ரென்ட் நகரில் மார்மைட் தொடங்கியது. காரணம், அங்கே பீர் வடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்ட். அந்த ஈஸ்டைக் கழுவி, உப்புச் சேர்த்து மிதமாகச் சூடாக்கினால் செல்கள் தங்கள் நொதிகளாலேயே தங்களைச் செரித்துக் கரைகின்றன. தோலை வடித்து நீக்கி, மிச்சத்தைச் சுண்ட வைத்தால் இந்தப் பசை. செல்லுக்குள் பூட்டிக் கிடந்த பி வகை வைட்டமின்கள் வெளியே வந்துவிடுகின்றன. உயிருள்ள ரொட்டி ஈஸ்டை அப்படியே விழுங்குவது இதற்கு மாற்றாகாது. செல் உடையாமல் சத்து வெளியே வராது. உயிருள்ள ஈஸ்ட் குடலில் இருக்கும் பி வைட்டமினையும் தான் எடுத்துக்கொள்ளும். இயற்கை உணவு என்ற பெயரில் அதைச் சிபாரிசு செய்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வில்ஸ் கொடுத்த மார்மைட்டும் இன்றைய மார்மைட்டும் அச்சாக ஒன்றல்ல. இன்றைய பிரிட்டிஷ் பாட்டிலில் ஈஸ்ட் சாரம், உப்பு, காய்கறிச் சாறு, வாசனைப் பொருள் போக, தயமின், ரைபோஃப்ளேவின், நயசின், ஃபோலிக் ஆசிட், பி12 ஆகியவற்றைத் தனியாகவும் சேர்க்கிறார்கள். ஒரு முறைக்குரிய அளவு 8 கிராம். அதில் ஃபோலிக் ஆசிட் 200 மைக்ரோகிராம், பி12 சுமார் 2 மைக்ரோகிராம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த பி12 பெரிய வரவு, ஏனென்றால் ஈஸ்டில் இயல்பாக அது கிடையாது. புரதம் நூறு கிராமில் மூன்றில் ஒரு பங்கு அளவு என்று லேபிளில் கண்டு மயங்க வேண்டாம். 8 கிராமில் மூன்று கிராம்கூடத் தேறாது. இரும்புச் சத்துக்காக இதை நம்பவே கூடாது.

உப்புதான் இதன் பெரிய குறை. நூறு கிராமில் பத்து, பதினொரு கிராம் உப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். அரசு சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கிறது. அந்த 500 மைக்ரோகிராமை மார்மைட்டில் எடுக்க 20 கிராம் தின்ன வேண்டும். கூடவே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு உள்ளே போகும். நாள் முழுக்க எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் குடும்பத்துச் சத்தின் பொதுப்பெயர்) குறைவால் வந்த சோகைக்கு வழக்கமாகத் தரும் 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு ஈடாக வேண்டுமென்றால் 200 கிராம் மார்மைட், அதாவது 20 கிராமுக்கு மேல் உப்பு. யாராலும் முடியாது, முடிந்தாலும் கூடாது. மாத்திரையோ சில்லறைக் காசு.

‘அப்படியானால் 1931-இல் எப்படி வேலை செய்தது?’ என்று கேட்பது நியாயம். ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை ஃபோலேட் வற்றிப்போயிருந்தால் அதற்கு மிகச் சிறிய அளவே போதும். அன்றாடம் ஓரிரு நூறு மைக்ரோகிராம் கிடைத்தாலே அது விழித்துக்கொள்ளும். இன்று 5 மில்லிகிராம் தருவது, குடலில் உறிஞ்சுவதில் கோளாறு இருந்தாலும் போதிய அளவு போய்ச்சேரட்டும் என்பதற்காக, சேமிப்பையும் நிரப்புவதற்காக. மேலும் அன்று வில்ஸின் கையில் வேறு மருந்தே இல்லை.

மஜ்ஜையில் நடப்பது இதுதான். சிவப்பணுவாக வேண்டிய செல் பிரிய வேண்டுமென்றால் டிஎன்ஏ-வை இரட்டிக்க வேண்டும். அதற்குத் தேவையான தைமிடின் தயாரிக்க ஃபோலேட் வேண்டும். ஃபோலேட் இல்லாவிட்டால் உட்கரு முதிராமல் நின்றுபோகிறது, சுற்றியிருக்கும் பகுதி மட்டும் ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு பெருத்துவிடுகிறது. இப்படிப் பெருத்த செல்களில் பல மஜ்ஜையிலேயே அழிகின்றன, தப்பி வருபவை பெரிதாக வருகின்றன. ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்சிவி என்ற வரி, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 100-ஐத் தாண்டும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பரப்பிப் பார்த்தால், மூன்று நாலு மடல் இருக்க வேண்டிய நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவின் உட்கருவில் ஐந்தாறு மடல் தெரியும். ஃபோலேட் கொடுத்ததும் மூன்று நாலு நாளில் ரெட்டிகுலோசைட் என்ற இளம் சிவப்பணுக்கள் ஏற ஆரம்பித்து, ஒரு வாரம் வாக்கில் உச்சம் தொடும். பிறகுதான் ஹீமோகுளோபின் நகரும். மருந்து வேலை செய்கிறதா என்பதை வில்ஸின் தலைமுறை இந்த இளம் அணுக்களை எண்ணித்தான் கண்டுபிடித்தது. இன்றும் அது நம்பகமான வழி.

ஆகவே மார்மைட்டோ மாத்திரையோ, எதை எடுக்கும் முன்பும் ஒரு முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை செய்து எம்சிவியைப் பாருங்கள். 80-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு, அல்லது தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபு. நம் நாட்டில் சோகை என்றால் அதிகம் காண்பது இதுதான்; இதற்கு இந்தப் பாட்டில் உதவாது. 100-க்கு மேலே இருந்தால் ஃபோலேட்டும் பி12-உம் இரண்டும் பார்க்க வேண்டும். எம்சிவி நடுவில் இருப்பதாலேயே நிம்மதி அடையவும் முடியாது. இரும்பும் ஃபோலேட்டும் சேர்ந்து குறைந்தால் சின்ன அணுவும் பெரிய அணுவும் கலந்து சராசரி இயல்பாகத் தோன்றும். அணுக்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்று சொல்லும் ஆர்டிடபிள்யூ என்ற வரி ஏறியிருப்பதுதான் அப்போது காட்டிக்கொடுக்கும். கர்ப்பிணிகளிடம் இந்தக் கலப்பு சாதாரணம்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகே சாப்பிடத் தொடங்குங்கள். ஃபோலிக் ஆசிட் விழுங்கிய சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் அளவு ஏறிவிடும், குறைவு இருந்த தடயம் மறைந்துபோகும். இந்த வரிசை மாறினால் மருத்துவருக்கு நோயைப் பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போகிறது.

இதைவிடக் கடுமையான தவறு ஒன்று உண்டு. பி12 குறைவால் சோகை வந்தவருக்கு ஃபோலேட்டை மட்டும் அள்ளிக் கொடுத்தால் ரத்தம் தேறும், முகம் தெளியும், வீட்டார் மகிழ்வார்கள். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். பாதம் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம் என்று ஆரம்பித்து, நாள் கடந்தால் திரும்பப் பெற முடியாத நிலைக்குப் போகும். பால்கூட அதிகம் எடுக்காத சைவக்காரர்கள், வயிற்றில் அறுவை செய்தவர்கள், நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் ஆகியோர் பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் ஆசிடை மட்டும் தொடங்கவே கூடாது. பிரிட்டிஷ் மார்மைட்டில் பி12 இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல முடியாது. வயிற்றில் அதை உறிஞ்ச உதவும் காரணி இல்லாதவர்களுக்கு அந்த இரண்டு மைக்ரோகிராம் போய்ச்சேராது; அவர்களுக்கு ஊசியோ மிக அதிக அளவு மாத்திரையோதான் வழி.

வாங்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். எம்ஏஓ தடுப்பான் வகை மனநல மருந்து எடுப்பவர்கள் ஈஸ்ட் சாரத்தைத் தொடக்கூடாது. இதில் டைரமின் என்ற பொருள் அதிகம்; அதைச் சிதைக்கும் நொதியை அந்த மருந்து முடக்கிவிடுவதால் ரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தான அளவுக்கு எகிறும். லினசோலிட் என்ற கிருமிக்கொல்லி எடுக்கும் நாட்களிலும் தவிர்ப்பது நல்லது. கோதுமை, பார்லி குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு ஆகாது, ஏனென்றால் பீர் ஈஸ்டோடு பார்லி ஒட்டிக்கொண்டு வருகிறது. வருத்தம் என்னவென்றால் குடல் கெட்டு ஃபோலேட் குறைவு வரக் காரணமான நோய்களில் சீலியாக்கும் ஒன்று. சோகை என்று மார்மைட் தின்னத் தொடங்கினால் நோயை வளர்த்ததாகிவிடும். உயர் ரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு உப்பே காரணம். கவுட் என்ற மூட்டு நோய் உள்ளவர்களுக்கு இதிலுள்ள ப்யூரின் நல்லதல்ல. மெத்தோட்ரெக்சேட், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் ஆகிய மருந்துகளை எடுப்பவர்கள் ஃபோலிக் ஆசிட் விஷயத்தில் தாங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கர்ப்பிணிகளுக்கு மார்மைட் சாப்பாடாகத் தடையில்லை. ஆனால் அதை நம்பி மாத்திரையை விட்டுவிடக்கூடாது. கரு உண்டாகும் முன்பிருந்தே, முதல் 12 வாரம் வரை, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் மூடுவது கரு உருவான நாலாவது வாரத்தில். பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே அப்போது தெரியாது. முந்தைய குழந்தைக்கு இந்தக் குழாய் சரியாக மூடாத குறை இருந்த தாய்மார்களில், தினம் 4 மில்லிகிராம் கொடுத்தால் மீண்டும் வருவது 72 சதவீதம் குறைகிறது என்று 1991-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை காட்டியது. அவர்கள் மருத்துவரிடம் தனியாகக் கேட்டு அதிக அளவு எடுக்க வேண்டும். நாலாம் மாதம் முதல் சிவப்பு மாத்திரை, தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள். அதை டீ காபியோடு விழுங்காதீர்கள், இரும்பு உடம்பில் சேராது.

சாப்பாட்டுப் பொருளாக வாங்கியவர்கள் எப்படிப் பயன்படுத்துவது? முதல் முறை வாங்குகிறவர்கள் ஜாம் போல அப்பிவிட்டு, வாயில் வைக்க முடியவில்லை என்று பாட்டிலை ஓரங்கட்டுகிறார்கள். ரொட்டி சூடாக இருக்கும்போதே வெண்ணெயைத் தடவி, அது உருகியதும் கால் ஸ்பூன் மார்மைட்டை ரொட்டி நிறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இழுக்க வேண்டும். வழித்த டீஸ்பூன் ஒன்று ஆறேழு கிராம் பிடிக்கும். ஒரு நாளைக்கு அதுவே உச்ச வரம்பு. குடிப்பதானால் அரை ஸ்பூன், ஒரு தம்ளர் வெந்நீர், அரை மூடி எலுமிச்சை, மிளகுத் தூள் ஒரு சிட்டிகை. உப்பு போடவே கூடாது. காளான் குழம்பு, பருப்பு சூப் போன்றவற்றில் இறக்கும்போது கால் ஸ்பூன் கரைத்தால் சுவை ஆழப்படுகிறது. அதற்கேற்ப உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். குழந்தைகளுக்கு உப்பைக் கருதி ஸ்பூன் நுனியளவுக்கு மேல் வேண்டாம்.

குளிர்பெட்டியில் வைக்கத் தேவையில்லை, வைத்தால் இறுகி ஸ்பூனுக்கு வராது. ஈர ஸ்பூன் விடாமல், வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்; ரைபோஃப்ளேவினும் ஃபோலிக் ஆசிடும் வெளிச்சத்தில் சிதைபவை. அடியில் ஒட்டியிருப்பதை வழிக்க முடியாது, வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் குடித்துவிடலாம்.

எல்லா ஈஸ்ட் சாரமும் ஒன்றென்று எண்ணி மாற்றி வாங்காதீர்கள். நியூசிலாந்தில் சானிடேரியம் நிறுவனம் மார்மைட் என்றே விற்பது வேறு தயாரிப்பு, சர்க்கரை சேர்ந்தது, இனிப்பு தெரியும். ஆஸ்திரேலியாவின் வெஜிமைட்டில் ஃபோலேட் உண்டு, வழக்கமான வகையில் பி12 கிடையாது. பி12-க்காக வாங்கும் சைவக்காரர்கள் பாட்டிலைத் திருப்பி, சத்துப் பட்டியலில் பி12 என்ற வரி இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.